ஆறாம் இடத்தில் நாற்பது நிமிடம்

பாக்கியமேரியை நான் மாதத்தில் ஒரு நாள்தான் பார்ப்பேன். இரண்டாம் புதன்கிழமை பதினொரு மணிவாக்கில், சிதம்பரத்தில் எங்கள் அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். செருப்போடே வரலாம் என்று பலமுறை சொல்லியாயிற்று, கேட்டதில்லை. கையில் மஞ்சள் துணிப்பை, பைக்குள் பாலிதீன் உறை, உறைக்குள் ஆறு படிவங்கள். நான் அவற்றை வாங்கிக் கணினியில் ஏற்றுவேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்குப் போய்விடுவார். பதினோரு வருடமாக எங்களுக்குள் இருந்த பழக்கம் இவ்வளவுதான்.

அவரும் என்னைப் போலக் கடலூர்க்காரர், என் மாமியார் வீட்டுத் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர் என்பது எனக்குத் தெரியவே நாலு வருடம் பிடித்தது. சகாய ஆனந்த் என்கிற என் லட்சணம் அது. யாராவது தானாக வந்து சொன்னால் கேட்டுக்கொள்வான், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கமாட்டான்.

எங்கள் மையம் ஒரு சின்ன ஆய்வு மையம். கம்மாபுரம் பக்கமிருந்து வந்து வெள்ளாற்றில் சேரும் நரியோடையில் மீன் எண்ணுவது எங்கள் வேலைகளில் ஒன்று. ஓடையின் வடிவத்துக்கும் அதில் குடியிருக்கும் மீன்களுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்பதாக இயக்குநர் டேவிட் ராஜ் சார் சொல்வார். தண்ணீர் இருந்தால் மீன் இருக்கும், இதற்கு ஒரு ஆராய்ச்சியா என்று நினைத்தவன் நான். பாக்கியமேரியின் படிவங்களை ஏற்றி ஏற்றித்தான் எனக்குப் புத்தி வந்தது.

ஓடையில் ஆறு இடங்கள். ஒவ்வொன்றும் ஐம்பது தப்படி நீளம். முதல் இரண்டும் முழங்கால் ஆழத்தில் மணல்மேல் சலசலவென்று ஓடும் இடங்கள், அங்கே அயிரையும் உளுவையும். மூன்றாவது கல் கிடக்கும் இடம், கல்லிடுக்கில் கெளுத்தி. நாலாவது முடக்கு. அந்த இடத்தில் ஓடை முழங்கையை மடக்கினது போல வளைந்து, வெளிக்கரையை அரித்து ஆள் ஆழத்துக்கு ஒரு மடுவைத் தோண்டி வைத்திருக்கிறது. மேலே ஒரு நீர்மருது. வேருக்கடியில் சேற்றில் ஆரால், நிழல் தண்ணீரில் விரால், பாசியோரம் குறவை, உள்வளைவின் மணல் திட்டில் மறுபடி அயிரை. ஒரே இடத்தில் மணல், சேறு, ஆழம், மேடு, வெயில், நிழல் எல்லாம் இருப்பதால் அங்கே பதினேழு வகை. ஐந்தாம் ஆறாம் இடங்கள் நான் பிறப்பதற்கு முன்பே யாரோ நேராக வெட்டிவிட்ட வாய்க்கால். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலம், ஒரே ஆழம், ஒரே களிமண். ஒரு மரம் கிடையாது. அங்கே நாலே வகை. அதிலும் பாதிக்குமேல் ஜிலேபியும் கெண்டையும்தான்.

மாதம் ஒருமுறை வலை போட்டு எண்ணும் இந்த வேலை முதலில் பாக்கியமேரியின் கணவர் மரியலூர்துவுக்குக் கிடைத்தது. வலையை இழுக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். ஆளுக்கு ஒரு முனை. எட்டு மாதம் அப்படி ஓடியது. பிறகு மரியலூர்துவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூலிகை, மந்திரம் என்று அலைந்து கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்திருந்தது. பிள்ளை இல்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரத்தில் பாக்கியமேரி எங்கள் அலுவலகத்துக்கு வந்து, அந்த வேலையைத் தானே பார்ப்பதாகச் சொன்னாராம். இன்னொரு முனையை யார் பிடிப்பார்கள் என்று கேட்டதற்கு, முளைக்குச்சி அடித்துக் கட்டிக்கொள்கிறேன் என்றாராம். பதினோரு வருடத்துக்கு முந்திய பேச்சு அது. அடுத்த சில மாதங்களில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

படிவத்தில் 'வலை பிடித்தவர்கள்' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் பா. மேரி என்று குண்டு குண்டாக எழுதியிருக்கும். இரண்டாவது காலி. காலிக் கட்டத்தைக் கணினி ஏற்காது என்பதால் நான் ஒரு கோடு போட்டுவிடுவேன்.

ஊரில் அவருக்கு ஒரு பெயர் உண்டு, மீன் எண்ணுற அம்மா. பிடித்த மீனை எண்ணிவிட்டுத் திரும்ப விடுகிற ஒரு ஜென்மத்தை அந்தச் சுற்றுவட்டாரம் அதுவரை பார்த்ததில்லை. குழம்புக்கு நாலு கொடு என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள், ஓடை உங்கப்பன் வீட்டுச் சொத்தா என்று திட்டிவிட்டுக் கேட்பதை நிறுத்தினார்கள், அதோடு பேசுவதையும் நிறுத்தினார்கள். கொழுந்தனார் குடும்பம் முன்கட்டில் இருக்க, இவருக்குப் பின்பக்கம் ஒரு அறை. கோயில் ஒன்பது கிலோமீட்டர். அவரை யாரும் கொடுமைப்படுத்தவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கதவைத் தட்டத்தான் யாரும் இல்லை.

போன பொங்கலுக்குப் பிறகு ஒரு செய்தி வந்தது. முடக்கில் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் தண்ணீர் கரை ஏறி, பக்கத்து நெல் வயல்களை மூழ்கடிக்கிறது. ஆகவே முடக்கை வெட்டி நேராக்கிவிடலாம் என்று ஒரு திட்டம். வயல்காரர்களைக் குறை சொல்ல முடியாது, சோறு அவர்களுடையது. ஆனால் நேராக்கினால் நாலாம் இடமும் ஆறாம் இடம் போல ஆகிவிடும். சித்திரையில் மாவட்ட அலுவலகத்தில் கூட்டம். எங்கள் மையத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். சார் என்னிடம் சொன்னது ஒரே வேலைதான்: பதினோரு வருட எண்ணிக்கையையும் ஒரு பக்கத்தில் அடக்கிக் கொடு. வளைந்த இடத்தில் பதினேழு, நேரான இடத்தில் நாலு. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்தப் பிப்ரவரியில் இரண்டாம் புதன் சாம்பல் புதனாக அமைந்தது. பாக்கியமேரி நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தார். எனக்கு அன்று நல்ல மனநிலை. நீங்கள் எண்ணிய எண்ணிக்கையால்தான் முடக்கு பிழைக்கப்போகிறது என்று சொல்லி, அந்த ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது சரியில்ல" என்றார். "அஞ்சுலயும் ஆறுலயும் புடிக்கிற மீன நான் அங்க வுடுறதில்ல. முடக்குக்குத் தூக்கியாந்து வுட்டுடுவேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டேன். கணவர் போனதிலிருந்து என்றார்.

பிறகு விவரமாகச் சொன்னார். தொட்டியில் எண்ணி முடித்த மீன் வெயிலில் கிறுகிறுத்துப்போயிருக்கும். தண்ணீரில் விட்டதும் கொஞ்ச நேரம் ஒருக்களித்து மிதக்கும். மரியலூர்து இருந்தவரை, அவர் துண்டை வீசிக்கொண்டு தண்ணீருக்குள் நிற்பார். மீன் தெளிந்து அடிக்குப் போகும் வரை கொக்கை அண்டவிடமாட்டார். இவர் கரையில் வலையைச் சுருட்டுவார். தனியாகப் போன முதல் தடவை ஆறாம் இடத்தில் மீனை விட்டுவிட்டு வலையைச் சுருட்டத் திரும்பினார். நாலு கொக்கு. திரும்பிப் பார்ப்பதற்குள் ஒன்றும் மிச்சமில்லை. நிழல் இல்லாத, ஒளிய ஒரு பொந்து இல்லாத இடம். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு வாளியில் போட்டு, நனைத்த கோணியால் மூடி, ஐந்நூறு தப்படி மேலே நடந்து முடக்கின் நிழலில் விட்டார். மாதா மாதம்.

எனக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஆறாம் இடத்துப் படிவத்தில் எண்ணி முடித்த நேரத்துக்கும் ஓடையை விட்டுக் கிளம்பிய நேரத்துக்கும் நடுவே எப்போதும் நாற்பது நிமிடம் இடைவெளி இருக்கும். பொய் எழுதத் தெரியாத மனுஷி, கடிகாரத்தைப் பார்த்து எழுதுவார். குறிப்பு என்ற கட்டத்தில் நான்தான் ஒவ்வொரு மாதமும் 'ஓய்வு' என்று நிரப்பினேன். மருத மரத்தடியில் நன்றாகக் காலை நீட்டுகிறது அம்மா என்று ஒருமுறை கேலிகூடச் செய்திருக்கிறேன்.

கேலி கிடக்கட்டும், விஷயம் பெரியது. நேர்வாய்க்காலிலிருந்து மாதா மாதம் மீனை அள்ளிக்கொண்டுபோய் முடக்கில் கொட்டினால் நேர்வாய்க்கால் ஏன் காலியாக இருக்காது, முடக்கு ஏன் நிறைந்திருக்காது? ஓடையின் வடிவம் செய்ததாக நாங்கள் நம்பியதெல்லாம் இந்த அம்மாவின் இரண்டு வாளி செய்ததாக இருக்கலாம். மரியலூர்து காலத்துப் படிவங்கள் எட்டே மாதத்துக்குத்தான், அவற்றை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

நான் என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்தினேன். இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். சொன்னால் முடக்கு போய்விடும், உங்கள் பதினோரு வருடமும் குப்பைக்குப் போய்விடும், வாயை மூடிக்கொண்டு இருந்தால் எல்லோருக்கும் நல்லது என்றேன்.

"பதினோரு வருசமா வாய மூடிக்கிட்டுதான் தம்பி இருக்கேன்" என்றார் பாக்கியமேரி. "கேக்கறதுக்கு யாரு இருந்தா?"

குத்திக் காட்டுவதற்காகச் சொன்னதல்ல அது. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முடக்கு அவருக்கு என்ன என்பதையும் அன்றுதான் சொன்னார். வேலை முடிந்ததும் கணவனும் மனைவியும் அங்கேதான் தூக்குவாளியைத் திறந்து பழைய சோறு சாப்பிடுவார்களாம். வீட்டு அறை கொழுந்தனாருடையது, கல்லறை ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. கணவரின் நினைப்பாக உட்கார இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்த மருத மரத்து வேர் ஒன்றுதான். அதைக் காப்பாற்றும் தாள் மேசைமேல் கிடக்கிறது. அதைக் கிழிக்கத்தான் அவர் எழுந்து சாரின் அறைக்கு நடந்தார். செருப்பு வாசலில் கிடந்தது. நான் பின்னாலேயே போனேன்.

டேவிட் ராஜ் சார் கோபக்காரர் இல்லை. ஆனால் அன்று மேசையில் இருந்த தாளை எடுத்து எறிந்தார். பதினோரு வருசம், பதினோரு வருசம் என்று நாலைந்து தடவை சொன்னார். பாக்கியமேரி அசையாமல் நின்றார். கடைசியில் சார் தணிந்து, இதை இப்போது ஏன் சொல்கிறீர்கள், சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காதே என்று கேட்டார்.

"அது நெசமாவே அப்படிப்பட்ட எடமா இல்லன்னா, பொய் சொல்லிக் காப்பாத்துன எடத்துல போயி நான் எப்படி சார் உக்காருவேன்?" என்றார்.

சார் நாட்காட்டியைப் பார்த்தார். கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது வாரம் இருப்பதாக என்னிடம் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை நானும் ஓடைக்குப் போனேன். சார் சொல்லித்தான் போனேன், தானாகப் போய்விடவில்லை. நேர்வாய்க்காலில் பிடிபட்ட மீன்களின் வாலில், அடையாளத்துக்காக, மேல்நுனியைச் சின்னக் கத்தரியால் கடுகளவு நறுக்கிவிட்டு, வழக்கம்போல முடக்கில் விடுவது. முடக்கில் பிடிபட்ட விரால், ஆரால், அயிரைக்கு வாலின் கீழ்நுனியை நறுக்கி, நேர்வாய்க்காலில் விடுவது. மூன்று வாரம் கழித்து ஆறு இடங்களிலும் வலை போட்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பது. முடக்கில் மட்டும் பதினேழு வகை என்று பதினோரு வருடமாகத் தட்டச்சு செய்தவன் அன்றைக்குத்தான் அந்தத் தண்ணீரில் கால் வைத்தேன். நாலு அடி எடுத்து வைப்பதற்குள் மணல் போய்ச் சேறு வந்தது, சேறு போய் வேர் தட்டியது, இடுப்பளவில் சூடாக இருந்த தண்ணீர் கணுக்காலில் ஜில்லென்றது. ஆறாம் இடத்தில் ஐம்பது தப்படி நடந்தும் கால் எந்த மாற்றத்தையும் சொல்லவில்லை.

ஆறாம் இடத்தில் பாக்கியமேரி பழக்க தோஷத்தில் முளைக்குச்சியை எடுத்துக் கல்லால் அடிக்க ஆரம்பித்தார். இரண்டு அடி அடித்த பிறகுதான் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்தார். குச்சியைப் பிடுங்கிக் கரையில் போட்டார். அதன் பிறகு கொஞ்ச நேரம் என் பக்கமே பார்க்கவில்லை.

முடக்கு மீன்களை அங்கே விட்டோம். மருந்து குடித்தவை போல ஒருக்களித்து மிதந்தன. எங்கிருந்தோ கொக்குகள் வந்து கரையில் வரிசை கட்டின.

"நீங்க நில்லுங்க தம்பி, நான் வலையச் சுத்திடுறேன்" என்றார். நான் துண்டை வீசிக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். கை வலித்தது. ஒரு மீன்கூடக் கொக்குக்குப் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து எண்ணிய எண்ணிக்கையை நான் மனப்பாடமாகச் சொல்வேன். முடக்குக்குக் கொண்டுபோய் விட்ட நேர்வாய்க்கால் மீன் தொண்ணூற்றாறு. அவற்றில் வலையில் திரும்பக் கிடைத்தவை நாற்பத்துநாலு. நாற்பத்துநாலில் முப்பத்தொன்பது மறுபடி நேர்வாய்க்காலிலேயே இருந்தன. முடக்கில் தங்கியவை மூன்று, மற்ற இரண்டும் அதற்கு மேலே. நேர்வாய்க்காலில் விட்ட முடக்கு மீன் முப்பதில் பதினேழு கிடைத்தன, பதினேழுமே முடக்கிலோ அதற்கு மேலேயோ. விரால் அதனதன் வேரடிக்குப் போய்விட்டிருந்தது. ஜிலேபி அதனதன் வெயிலுக்குப் போய்விட்டிருந்தது. முடக்கில் பதினேழு வகை அப்படியே இருந்தது. நேர்வாய்க்காலில் அதே நாலு.

எண்ணிக்கையைப் பார்க்க வந்திருந்த சார் கரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். வடிவம்தான் முடிவு செய்கிறது, நாம் தூக்கிக்கொண்டு போய் வைத்தாலும் மீன் கேட்பதில்லை என்று பாக்கியமேரிக்கு விளக்கினார். உங்கள் பதினோரு வருட எண்ணிக்கையில் ஒரு பழுதும் இல்லை, நீங்கள் தூக்கியதால் எதுவும் மாறவில்லை என்றார். அவர் நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பாக்கியமேரி தொட்டிக்குள் கையை விட்டு, வால்நுனி நறுங்கிய ஒரு கெண்டையை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஒண்ணுகூட நிக்கலயா?" என்று கேட்டார்.

மூன்று நின்றது என்று சார் சொன்னார்.

"அத்தன தூரம் தூக்கியாந்து நெழல்ல வுட்டேன். ஒடனே திரும்பிக் கொக்கு வாயிக்கே போயிருக்கு" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "அப்ப நான் யாருக்குத்தான் தூக்குனேன்?" என்றார்.

சார் தொண்டையைக் கனைத்தார். நான் வலையை உதறினேன், ஏற்கெனவே உதறிய வலையை.

சித்திரைக் கூட்டத்தில் எங்கள் தாள் எடுபட்டது. முடக்கைத் தொடாமல், அதற்கு மேலே ஒரு வடிகால் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்புவது என்று இந்த வருடத்துக்கு முடிவாயிற்று. அடுத்த வருடத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். பாக்கியமேரியையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தோம், வரவில்லை. மாதா மாதம் உங்களோடு வந்து ஒரு முனையைப் பிடிக்கிறேன் என்று நான் அவரிடம் வீரமாகச் சொன்னேன். இரண்டு மாதம் போனேன். மூன்றாவது மாதம் பையனின் பள்ளி, நாலாவது மாதம் வேறு ஏதோ ஒன்று. இரண்டாம் கட்டத்தில் என் பெயர் இருக்கிற படிவம் இரண்டே இரண்டு மாதத்துடையது.

எண்ணிய மீனைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது இப்போது எழுத்தில் போட்ட விதி. ஆகவே இனி வாளியும் இல்லை, ஐந்நூறு தப்படி நடையும் இல்லை. ஆவணி மாதப் படிவத்தை ஏற்றும்போது ஆறாம் இடத்து நேரத்தைப் பார்த்தேன். எண்ணி முடித்தது பதினொன்று இருபது. கிளம்பியது பன்னிரண்டு இருபத்தைந்து. நாற்பது நிமிடம் குறைந்திருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகியிருந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் முதல் தடவையாக நானே கேட்டேன், அந்த ஒரு மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று.

"கொக்கு போற வரைக்கும் நிக்கிறேன் தம்பி" என்றார். "அவுரு நின்ன மாதிரி."

மீன் தெளியக் கால் மணி நேரம் போதுமே என்றேன்.

"மீனுக்குப் போதும்" என்றார். "சீக்கிரம் வூட்டுக்குப் போயி நான் யாருகிட்ட பேசப்போறேன்?"

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் பழைய கோப்புகளைத் திறந்து, பதினோரு வருடமாக ஆறாம் இடத்தில் 'ஓய்வு' என்று எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக அழித்தேன். நூற்றிருபத்தேழு இருந்தது. அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கணினி காலியாக விடச் சம்மதிக்காது, கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை நான் கோடு போடவில்லை. அடுத்த மாதம் மீன் எண்ணும் நாளன்று காலை ஆறு மணிக்கு ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். போவேனா என்பதை, என்னை நன்றாகத் தெரிந்தவன் என்ற முறையில், நான் உறுதியாகச் சொல்லமாட்டேன்.